காற்றின் கடன்

கி.பி. 1191-ஆம் ஆண்டில், இங்கிலாந்து தேசத்துப் புனித எட்மண்டு மடத்தின் ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பகுதியில், ஹெர்பர்ட் என்னும் பாதிரியார் ஒருவர் காற்றினால் சுழன்று மாவரைக்கும் ஆலை ஒன்றை எழுப்பினார். செய்தி எட்டியதும் மடாதிபதியான சாம்ஸன், உணவு கொள்ளவும் மனமின்றிச் சினந்து, தச்சரை அனுப்பி அதனைப் பிரித்தெறியும்படி கட்டளையிட்டார் என்று, அதே மடத்துத் துறவியான ஜோசலின் எழுதிவைத்த வரலாறு கூறுகிறது. ஓடோடி வந்த ஹெர்பர்ட், காற்றின் பயனை எந்த மனிதனுக்கும் மறுத்தல் தகாது என்றும், தம்முடைய தானியத்தை அரைத்துக்கொள்வதன்றிப் பிறருடையதை அரைக்கும் எண்ணம் தமக்கில்லை என்றும் வாதித்தார். மடாதிபதி அசையவில்லை. ஊரார் விருப்பம்போல் உன் ஆலைக்கு வருவார்கள், சுதந்திரமான குடிமக்களாகிய அவர்களைத் தண்டிக்க எனக்கு அதிகாரமில்லை, என் ஆலைகளின் வருமானம் குறையும் என்பதே அவர் சொன்ன மறுமொழி. வேலையாட்கள் வந்து சேருமுன் ஹெர்பர்ட் தாமே தம் ஆலையைப் பிரித்துவிட்டார்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய இவ்வழக்கில் வென்றவர் மடாதிபதி. ஆயினும் படிக்கின்ற நம்முடைய மனம் இயல்பாகவே தோற்றவரின் பக்கம் சாய்கிறது. காற்றை யாரும் படைக்கவில்லை, யாரும் விதைக்கவில்லை, யாரும் வேலியிட்டு வைக்கவில்லை. அதனை எடுத்துக்கொள்பவனை யார் தடுக்கலாம் என்பது எளிதில் உள்ளத்தைக் கவரும் வாதம். ஆனால் தடுக்கலாமா என்னும் கேள்விக்குப் பின்னால், அதனினும் கடினமான வேறொரு கேள்வி ஒளிந்துகொண்டிருக்கிறது. எவருக்கும் உடைமையாகாத ஒன்றை எடுத்துத் தன் தொழிலை நடத்திச் செல்வம் சேர்ப்பவனுக்குக் கடன் என்று ஒன்று உண்டா? உண்டாயின் அதனை யாருக்குச் செலுத்துவது? இது பொருளாதார விஷயம் போலத் தோன்றினாலும், ஆராய்ந்தால் தர்மத்தைப் பற்றிய விசாரணையே ஆகும். அதற்கு நம் நாட்டைக் காட்டிலும் பொருத்தமான களம் வேறில்லை என்று நினைக்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை, தெற்கு நோக்கி நீண்டு வரும் தன் நெடும்பாதையில், பாலக்காட்டிலும் கம்பத்திலும் செங்கோட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் இடைவெளி விட்டு நிற்கிறது. அரபிக்கடலிலிருந்து புறப்படும் தென்மேற்குப் பருவக்காற்று, மலையின் மேற்குச் சரிவில் தன் மழையை இறக்கிவிட்டு, இவ்விடைவெளிகளில் நெருக்குண்டு விரைவு மிகுந்து, கிழக்கேயுள்ள வறண்ட சமவெளியின்மீது பாய்கிறது. வைகாசியில் தொடங்கி ஆடியில் உச்சம் பெற்றுப் புரட்டாசிவரை நீளும் இக்காற்றை, மண்ணை வாரிக் கண்ணில் இறைப்பதென்றும் ஓட்டைப் பெயர்ப்பதென்றும் அப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சலித்துக்கொண்டார்களேயன்றி, அது ஒரு செல்வம் என்று கருதியவர் இல்லை. 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அரசாங்கம் முன்மாதிரியாகச் சில காற்றாலைகளை நிறுவியது. அதன்பின் பத்தாண்டுக்குள் ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலைச் சுற்றிலும் தனியார் யந்திரங்கள் காடுபோல் எழுந்தன. நெடுஞ்சாலையில் போவோர் நின்று வணங்கிச் செல்லும் இசக்கியம்மன் கோயில், இன்று அந்தச் சுழலும் இறகுகளின் நடுவில் இருக்கிறது.

அவற்றை நட்டவர்களுள் பெரும்பான்மையோர் மின்சாரம் விற்கும் வணிகர் அல்லர். கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல், இராஜபாளையம் முதலிய ஊர்களின் நூற்பாலைக்காரர்கள் என்பது கவனிக்கத்தக்கது. முதல் ஆண்டிலேயே யந்திரத்தின் முழு விலையையும் தேய்மானமாகக் காட்டி வருமானவரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அந்நாளில் இருந்த சலுகை, அவர்களுள் பலருக்குக் காற்றைவிட அதிகமாகவே உற்சாகம் ஊட்டியது என்று குறை கூறியவர்கள் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் நூற்பாலையின் இயல்பை அறிந்தவர்கள் அவர்களை வரிக்கணக்கு மட்டுமே இயக்கியது என்று சொல்லமாட்டார்கள். மூன்று ஷிப்டும் கதிர்கள் சுழன்றாகவேண்டிய தொழில் அது. மின்சாரம் ஒரு கணம் அறுந்தால் ஆயிரக்கணக்கான கதிர்களில் இழை அறுந்து, மீண்டும் ஒட்டவைப்பதற்குள் பொழுது போய்விடும். 2008 நவம்பரில் உயர் அழுத்த மின் நுகர்வோருக்கு நூற்றுக்கு 40 பங்கு வெட்டு விதிக்கப்பட்டபோதும், 2012-இல் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றபோதும், சொந்தக் காற்றாலை உள்ள ஆலைகளும் அஃது இல்லாத ஆலைகளும் பட்ட பாட்டுக்கு இடையே இருந்த வேற்றுமையைக் கொங்குநாட்டில் இன்றும் நினைவுகூர்வார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஆரல்வாய்மொழியில் வீசிய காற்று கோயம்புத்தூரில் கதிரைச் சுழற்றுவது, இடையிலே மின்வாரியத்தின் கம்பிகள் இருப்பதனால். ஆடியில் வீசிய காற்று மார்கழியில் சுழற்றுவதோ, பேங்கிங் என்று ஆலைக்காரர்கள் அழைக்கும் ஓர் ஏற்பாட்டினால். பருவகாலத்தில் ஆலைக்குத் தேவைப்படாத யூனிட்டுகளை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கூலியாகத் தொடக்கத்தில் யூனிட்டுகளில் ஒரு சிறு விகிதத்தை வாரியம் பிடித்துக்கொண்டது, பின்னர் அவ்விகிதம் ஏறிற்று. ஆனால் மின்சாரம் நெல்லைப் போலப் பத்தாயத்தில் கிடக்கும் பொருளன்று. ஆடியில் பிறந்த யூனிட்டு பிறந்த கணத்திலேயே யாரோ ஒருவருடைய விளக்கிலோ பம்ப்செட்டிலோ தீர்ந்துபோயிற்று. மார்கழியில் ஆலைக்காரர் தம் காற்று என்று நினைத்துப் பெற்றுக்கொள்வது, தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் அன்றைக்கு எரிந்த நிலக்கரியாக இருக்கக்கூடும். ஆகவே வங்கியில் கிடப்பது காற்றன்று, ஒரு வாக்குறுதி. காற்றோ யாருக்கும் எவ்வித வாக்குறுதியும் கொடுத்ததில்லை.

காற்றின் இந்தச் சுதந்திரத்தை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். தைத்திரீய உபநிஷதம் தன் தொடக்கத்திலேயே வாயுவை நோக்கிக் கண்கூடான பிரம்மம் என்று வணங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பிரத்தியட்சம் என்று அழைக்கும் துணிவு அந்த ரிஷிக்கு இருந்தது. ஐம்பூதத் தலங்களுள் காற்றுக்குரியதாகிய காளஹஸ்தியில், கருவறையில் ஆடும் தீபச்சுடரே காற்றின் இருப்புக்கு அடையாளமாகக் காட்டப்படுகிறது. பிருஹதாரண்யகத்தில், இவ்வுலகமும் மறுவுலகமும் சகல பூதங்களும் எந்த நூலிலே கோக்கப்பட்டிருக்கின்றன என்று உத்தாலகர் வினவ, வாயுவே அந்த நூல் என்று யாக்ஞவல்க்கியர் விடையிறுக்கிறார். அந்த நூல் அறுவதனால்தான் இறந்தவனுடைய அங்கங்கள் தளர்ந்துவிடுகின்றன என்றும் விளக்குகிறார். நூற்பாலைக்காரர்கள் இவ்விடத்தைப் படித்தால் புன்னகை செய்வார்கள். தமிழிலோ, கரிகாலனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், அவனுடைய முன்னோன் ஒருவன் காற்றை வேலை வாங்கிக் கடலில் மரக்கலம் செலுத்தியதைப் புகழ்ந்திருக்கிறார். வணங்குதற்குரிய காற்றே வேலை வாங்குதற்கும் உரியது என்பதில் பழந்தமிழர்க்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆதலின், யந்திரத்தைக் கட்டித் தெய்வத்தை அவமதித்தோமோ என்ற ஐயத்தில் நேரம் போக்கவேண்டுவதில்லை.

ஐயம் எழவேண்டிய இடம் வேறு. கேனோபநிஷதத்தில் ஒரு கதை வருகிறது. தேவர்கள் வெற்றி பெற்று, அவ்வெற்றி தம்முடையதே என்று இறுமாந்திருந்த வேளையில், இன்னதென்று அறியவொண்ணாத யட்சம் ஒன்று அவர்கள்முன் தோன்றிற்று. முதலில் சென்ற அக்கினியால், அது வைத்த ஒரு துரும்பை எரிக்க முடியவில்லை. பூமியில் உள்ளவற்றையெல்லாம் வாரிச் செல்லும் ஆற்றல் தனக்குண்டு என்று சொல்லிக்கொண்டு வந்த வாயுவால் அதே துரும்பை அசைக்கவும் முடியவில்லை. இந்திரன் நெருங்கியபோது யட்சம் மறைந்தது; உமாதேவி தோன்றி, வெற்றி பிரம்மத்தினுடையது, உங்களுடையதன்று என்று உணர்த்தினாள். காற்றின் வலிமை காற்றுக்கே சொந்தமில்லை என்றால், அதனை ஒரு கோபுரத்தின் உச்சியில் இடைமறித்து வாங்கியவனுக்கு மட்டும் எவ்வாறு சொந்தமாகும்? ஹெர்பர்ட் பாதிரியாருடைய வாதத்தின் குறை எனக்கு இங்கேதான் தென்படுகிறது. எவருடையதும் அன்று என்று தொடங்கியவர், ஆகவே என்னுடையது என்று முடித்துவிட்டார். முன்னதிலிருந்து பின்னது எவ்விதத்திலும் பெறப்படாது.

பௌதிக சாஸ்திரம் இவ்விஷயத்தில் சொல்வது ஒன்று உண்டு. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். ஆகையால்தான் கணவாயின் வாயிலும் வெட்டவெளியிலும் நட்ட யந்திரங்களின் விளைவுக்கு இடையே அத்துணை வித்தியாசம். ஆனால் எத்தனை வேகமாக வீசினாலும், எத்தனை திறமையாக இறகு செதுக்கினாலும், தன்வழி வரும் காற்றின் சக்தியில் நூற்றுக்கு 59 பங்குக்குச் சற்று மேற்பட்ட அளவுக்கு அப்பால் எந்தக் காற்றாலையாலும் பெற முடியாது என்று, முதல் உலகப்போர் ஓய்ந்த சமயத்தில் ஜெர்மானியராகிய ஆல்பர்ட் பெட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். காரணம் எளிது. முழுச் சக்தியையும் பறித்துக்கொண்டால் காற்று யந்திரத்தின் பின்னே அசைவற்று நின்றுவிடும்; நின்ற காற்று வழியை அடைத்துக்கொள்ள, அடுத்து வரவேண்டிய காற்று விலகிப் போய்விடும். மிகுதியாகப் பெறவேண்டுமாயின், வந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காற்றுக்கே விட்டுவைத்து, அதனைக் கடந்து போக அனுமதிக்கவேண்டும்.

இதனைக் கேட்டவுடன் ஈசாவாஸ்ய உபநிஷதம் நினைவுக்கு வராமற்போகாது. துறந்து அநுபவி, எவனுடைய செல்வத்துக்கும் ஆசைப்படாதே என்பதன்றோ அதன் முதல் உபதேசம். ஆயினும் சாஸ்திர வாக்கியங்களுக்கு விஞ்ஞானத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றும் தற்கால வழக்கம் எனக்கு உவப்பானதன்று. ரிஷிகள் காற்றாலையைக் கனவு கண்டதாகச் சொல்வதனால் ரிஷிகளுக்கும் பெருமையில்லை, பெட்ஸுக்கும் பெருமையில்லை. நான் சொல்ல விரும்புவது இவ்வளவே: மற்ற எரிபொருள்களில் பேராசைக்கு உடனடியான தண்டனை இல்லை; சுரங்கத்தில் உள்ள நிலக்கரியைக் கடைசிக் கட்டிவரையில் எடுத்துவிடலாம், பாவம் பேரனைச் சேரும். காற்றிலோ, எல்லாவற்றையும் எடுக்க முனைபவனுக்கு அந்தக் கணத்திலேயே ஒன்றும் கிட்டாது. ஓரளவு விட்டுக்கொடுத்தாலன்றிப் பெறவே இயலாத ஒரு பொருளைக்கொண்டு தொழில் நடத்துகிறவர்கள், அந்த யந்திரம் செய்வதைத் தாங்களும் செய்ய ஏன் தயங்கவேண்டும்?

கீதையின் மூன்றாம் அத்தியாயம், தேவர்கள் கொடுத்ததை அவர்களுக்குத் திருப்பிக் கொடாமல் தானே துய்ப்பவனைத் திருடன் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. தனக்கென்று மட்டும் சமைப்பவர்கள் பாவத்தை உண்கிறார்கள் என்று அடுத்த சுலோகத்தில் இன்னும் கடுமையாகச் சொல்கிறது. மழைக்கு வேள்வி என்றும் நிலத்துக்கு எரு என்றும் பசுவுக்குப் புல் என்றும், பெற்றதற்கு மாறாகக் கொடுப்பதற்கு ஏதாவது ஒன்றைப் பண்டைய வாழ்க்கை வைத்திருந்தது. காற்றுக்கு என்ன கொடுப்பது? அதற்குப் பசியில்லை, குறைவில்லை. நம் இறகுகளைக் கடந்து சிறிது தூரம் சென்றபின் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வேகத்தை வாங்கிக்கொண்டு முன்போல் வீசுகிறது. கடன் கொடுத்தவன் வாங்கிக்கொள்ள மறுக்கும்போது கடன் தீர்ந்துபோவதில்லை. அது பக்கத்தில் நிற்பவர்கள்பால் திரும்புகிறது. அருளுடைமையைப் பாடும் வள்ளுவர், அருள் உடையவர்க்குத் துன்பமில்லை என்பதற்குச் சாட்சியாகக் காற்று இயங்குகின்ற இந்த வளமான உலகத்தையே நிறுத்துகிறார். அவர் ஏன் காற்றை அங்கே குறிப்பிட்டார் என்பதற்கு உரையாசிரியர்கள் சொல்லும் காரணம் எதுவாயினும், யாரிடமும் விலை கேளாமல் எல்லாருக்கும் வீசுகின்ற ஒன்றன் முன்னிலையில் மனிதனுடைய கொடையைப் பற்றிப் பேசுவது மிகப் பொருத்தம்.

பக்கத்தில் நிற்பவர்கள் யார்? மடாதிபதியின் வழக்கு நம் காலத்திலே மீண்டும் நடக்கிறது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டமும் அதன்பின் வந்த 2005-ஆம் ஆண்டு விதிகளும், ஒரு மின் நிலையத்தின் உரிமையில் குறைந்தது 26 விழுக்காட்டை வைத்துக்கொண்டு, அதன் உற்பத்தியில் குறைந்தது 51 விழுக்காட்டைத் தாமே பயன்படுத்துவோரைச் சொந்த உபயோகத்துக்கு உற்பத்தி செய்வோர் என்று வகுத்து, மற்றவர்கள் கட்டவேண்டிய குறுக்கு மானியக் கட்டணத்திலிருந்து அவர்களை விடுவித்தன. எங்கள் தானியத்தை நாங்கள் அரைத்துக்கொள்கிறோம் என்பதே இதன் சாரம். வாரியத்தின் விடையும் பழைய விடையே: உங்களைப் போன்ற பெரிய நுகர்வோர் விலகிப்போனால் என் வருமானம் என்னாவது? ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது, அது சிறியதன்று. மடாதிபதி காக்க நினைத்தது தம்முடைய ஆலைகளின் வருவாயை. வாரியத்தின் பக்கத்தில் நிற்பவர்களோ, 1990 முதல் கட்டணமின்றிப் பம்ப்செட் ஓட்டும் உழவரும், இரண்டு விளக்கு எரியும் குடிசைக்காரரும், கைத்தறி நெய்வோரும் ஆவர். தொழிற்சாலைகள் அதிகமாகக் கொடுக்கும் விலை அவர்களுடைய சுமையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. அன்றியும், காற்று திடீரென்று அடங்கும் மாலையில் ஈடுசெய்வதற்காக அனல் நிலையங்களை ஆயத்தமாக வைத்திருக்கும் செலவு எல்லாருடைய தலையிலும் விழுகிறது. நீரை மேலே ஏற்றி வைத்துத் தேவையானபோது இறக்கி 400 மெகாவாட் வரையில் தருகின்ற காடம்பாறை போன்ற நிலையங்கள் காற்றின் நிலையின்மைக்கு மெய்யான மருந்து. அவை பல இருந்தால் இவ்வழக்கின் வேகம் தணியும். இல்லாதவரையில், யூனிட்டைப் பத்திரப்படுத்துவதற்காகப் பிடிக்கப்படும் பங்கைக் காற்றின்மீது விதித்த வரி என்று ஆலைக்காரர்கள் குமுறுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. அது காற்றுக்குரிய விலையன்று. காற்று இல்லாத நாளில் நம்மைத் தாங்குகிறவர்களுக்கு உரிய பாகம்.

வாரியத்துக்கும் கடன் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. காற்று நன்றாக வீசிய எத்தனையோ நாட்களில், கம்பிகளின் கொள்ளளவு போதாமலும் வேறு காரணங்களாலும், யந்திரங்களை நிறுத்தி வைக்கும்படி ஆணை வந்திருக்கிறது. வீசிய காற்றை மறுநாளைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. தானமாக வந்த அன்னத்தைத் தெருவிலே கொட்டுவதற்கு ஒப்பான அக்காரியத்துக்கு மடாதிபதியின் கோபமாவது ஒரு காரணமாக இல்லை; ஆயத்தமின்மையே காரணம்.

இன்னொரு கேள்வியை ஆலைக்காரர்களும் வாரியமும் சேர்ந்தே கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். தொழிற்சாலைகளின் தேவை என்று நாம் சொல்லும் அந்த அளவை அளந்தவர் யார்? காந்தியடிகள் யந்திரத்தை வெறுத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். தாம் எதிர்ப்பது யந்திரத்தை அன்று, யந்திரத்தின்மீதுள்ள மோகத்தை என்று அவர் 1924-இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறார். நிலக்கரிக்குப் பதிலாகக் காற்று என்பது நல்ல மாற்றம். கரும்புகையும் சாம்பலும் குறையும், இதில் விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் நிலக்கரியைக் கொண்டு எதனைச் செய்தோமோ அதனையே இரட்டிப்பாகச் செய்வதற்குக் காற்றைத் தேடினால், எரிபொருள் மாறியதேயன்றி மோகம் மாறவில்லை. ஒருமுறை உடுத்திக் கழிப்பதற்கென்றே தைக்கப்பட்டுக் கடல் கடந்து செல்லும் பனியன்களுக்காகச் சுழலும் கதிரைத் தூய காற்று சுழற்றுகிறது என்பதனால் அந்தப் பனியனுக்குப் புனிதம் வந்துவிடாது.

கடைசியாக, இடத்தைப் பற்றியது. காற்று எவருக்கும் சொந்தமில்லை என்றாலும், காற்று மிகுதியாக வீசும் இடம் பட்டா போட்டு ஒருவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. 1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் யந்திரங்கள், தாழ்ந்த கோபுரங்களின்மேல், ஆரல்வாய்மொழியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மிகச் சிறந்த நிலங்களைப் பிடித்துக்கொண்டு இன்னும் நிற்கின்றன. அவற்றில் பத்து செய்கிற வேலையை நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரத்தில் ஏறிய இக்காலத்து யந்திரம் ஒன்றே செய்யும். பழையவற்றை அகற்றிப் புதியவற்றை நடுவதற்கென்றே தமிழ்நாட்டு அரசு 2024-இல் தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. ஆனாலும் உடையவர்கள் தயங்குகிறார்கள். நிலங்கள் சிறுசிறு துண்டுகளாகப் பலர் பெயரில் இருப்பது ஒரு தடை. பழைய யந்திரத்தோடு ஒட்டிய பேங்கிங் உரிமை புதியதற்கு அதே வடிவில் தொடருமா என்னும் அச்சம் மற்றொரு தடை. இவ்வச்சம் அடிப்படையற்றதன்று, கையிலுள்ள சலுகையை விடுவதற்குமுன் மாற்றாக என்ன கிடைக்கும் என்று கேட்பதற்கு அவர்களுக்கு நியாயம் உண்டு. ஆனால் கிடைக்கும்வரை இந்த நிலத்தை நானும் முழுதாகப் பயன்படுத்தமாட்டேன், பிறருக்கும் விடமாட்டேன் என்று இருப்பதற்கு நியாயம் உண்டென்று என்னால் சொல்ல இயலவில்லை. பட்டாவில் எழுதியிருப்பது மண்ணின் பரப்பளவே. அந்த மண்ணுக்கு இன்றுள்ள விலையை ஏற்றியதோ, மலைக்கு இந்தப் புறத்தில் எவரும் சம்பாதிக்காத ஒன்று.